55 சிசி பெற்றோல் மொடல் பிளேனுக்கு எந்தச் சைலன்சர் நல்லது? சத்தம் குறையிறதுதான் முதல் தேவை

வட்டக்கச்சிப் பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம். மேல் சிறகு வைச்ச பெரிய மொடல் பிளேன் ஒண்டு சொந்தமா கட்டிக்கொண்டிருக்கிறன், சிறகு 2.6 மீற்றர், எல்லாம் பூட்டி முடிய 9 கிலோ வரும் எண்டு நினைக்கிறன். எஞ்சின் டிஎல்இ 55, கனடாவில இருக்கிற மாமா தான் பாவிச்சதை அனுப்பினவர். அதோட வந்த பெட்டி மாதிரிச் சைலன்சர்தான் இப்ப பூட்டியிருக்கு. அது பக்கவாட்டில தள்ளிக்கொண்டு நிக்குது, மூக்கு மூடிக்குள்ள அடங்காது. அது பெரிய பிரச்சினை இல்லை, வெட்டி விடலாம். பிரச்சினை சத்தம்.

எஞ்சினை மேசையில பூட்டி வளவுக்குள்ள ஓட விட்டனான். ரெண்டு வீடு தள்ளி இருக்கிற அம்மம்மா ஒராள் எழும்பி உள்ளுக்குப் போட்டா, பேந்து சத்தம் நிண்ட பிறகுதான் வெளிய வந்தவ. ஏன் எண்டு இஞ்ச ஆருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கட சனம் சண்டைக் காலத்தில கிபிர் குண்டு விமானத்தையும் வண்டு எண்ட வேவு விமானத்தையும் காதாலதான் முதல்ல கண்டது. அதால எனக்கு பவர் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை, ஊருக்குள்ள கேக்கக் கூடாது. அனுமதிக் கடிதம் எல்லாம் எடுத்தாச்சு, கிராம சேவகருக்கும் சொல்லியாச்சு, பறக்க விடப்போறது காலபோக வெட்டு முடிஞ்ச வயல் வெளியில, கிட்டடி வீடு அரைக் கிலோமீற்றர் வரும்.

பிற்ஸ் எண்டு சொல்லுற, எஞ்சினைச் சுத்தி வந்து கீழ ரெண்டு குழாய் விடுற சைலன்சர் நல்லமோ, இல்லாட்டி வயித்துக்குக் கீழ நீளமாப் போற கனிஸ்டர் நல்லமோ? வெளிநாட்டில இருந்து எடுப்பிக்காம இஞ்சயே அடிச்சு எடுக்கலாமோ? மற்றது இப்ப இருக்கிறதில ரெண்டு போல்ட்டும் கொஞ்ச நேரம் ஓடினா லூசாகுது, அதுக்கு என்ன செய்யிறது?

மாங்குளம் வெல்டிங்:

தம்பி, போல்ட் விசயத்தை முதல்ல சொல்லுறன், ஏனெண்டா அதைச் சரி செய்யாம எந்தச் சைலன்சர் போட்டும் பிரயோசனமில்லை. நான் புல்லு வெட்டுற மெசின், மரம் அரியிற மெசின் எல்லாம் திருத்திறனான், எல்லாத்திலயும் இதே கதைதான். சைலன்சரின்ர முகம் சமனில்லாட்டி நீ எவ்வளவு இறுக்கினாலும் சூட்டில வளைஞ்சு விரிஞ்சு போல்ட்டை இழுத்து லூசாக்கும். தடிச்ச கண்ணாடித் துண்டு ஒண்டில 240 நம்பர் அரத்தாளை விரிச்சு, கொஞ்சம் எண்ணெய் விட்டு, சைலன்சர் முகத்தை எட்டுப் போடுற மாதிரித் தேய். முகம் முழுக்க ஒரே நிறமா மினுங்கும் வரைக்கும் தேய்க்கோணும், நடுவில கறுப்பாத் திட்டு நிண்டா அது பள்ளம். எஞ்சின் பக்கத்து முகத்தைத் தேய்க்காத, அதில நேரான இரும்பு அடிமட்டத்தை வைச்சு வெளிச்சம் தெரியுதோ எண்டு மட்டும் பார்.

கடதாசிக் கஸ்கட் போட்டிருந்தா எறி. அது எரிஞ்சு மெலிஞ்சுதான் போல்ட்டுக்கு இடம் குடுக்குது. தகடு வைச்ச கஸ்கட் கிடைச்சா போடு, இல்லாட்டி கஸ்கட்டே வேண்டாம், சூடு தாங்கிற சிவப்பு சிலிக்கோனை மெல்லிசாப் பூசி, கையால இறுக்கி, ஒரு இரவு காய விட்டு, பிறகு முழுசா இறுக்கு.

போல்ட்டுக்கு திரெட் லொக் (புரியில பூசுற பசை) போட்டாக் காணும் எண்டு நினைக்காத, சாதாரண சாமான் 150 பாகைக்கு மேல விட்டுடும், சைலன்சர் வாய் அதைவிட நல்லாச் சுடும். அலன் கீ போல்ட்டின்ர தலையில குறுக்க ஒரு மில்லி ஓட்டை போட்டு, ரெண்டு தலையையும் ஸ்ரெயின்லெஸ் கம்பியால முறுக்கிக் கட்டு. போல்ட் கழரப் பாக்கேக்க கம்பி இறுகிற பக்கமா இழுக்கிற மாதிரி முறுக்கோணும், மாறிக் கட்டினா கட்டாததுக்குச் சமம். முதல் ஓட்டம் ஓடிச் சூடாறின பிறகு ஒருக்கா இறுக்கிப்போட்டு அதுக்குப் பிறகுதான் கம்பி.

இஞ்ச அடிக்கலாமோ எண்டு கேட்டாய். அடிக்கலாம், ஆனா எதில அடிக்கிறது எண்டதுதான் கேள்வி. ஜி.ஐ. பைப் எடுத்துக்கொண்டு ஆரிட்டயும் போகாத, அதை வெல்டிங் பிடிக்கேக்க நாகப் புகை வந்து ஆளுக்குக் காய்ச்சல் பிடிக்கும், சைலன்சருக்குள்ளயும் அது உரிஞ்சு கொட்டும். எஞ்சின் வாயில இருந்து வாற வளைவுக் குழாய்க்கு ஸ்ரெயின்லெஸ் நல்லம், வீட்டுப் படிக்குக் கைபிடி அடிக்கிற ஆக்களிட்ட ஒரு மில்லித் தடிப்பில குழாய் இருக்கும், வளைவும் றெடிமேட்டா விக்கிறாங்கள். சைலன்சர் உடம்புதான் கஷ்டம். அலுமினியத்தை ஆகன் வெல்டிங்கில துப்பரவாப் பிடிக்கிற ஆளைத் தேடோணும், மெல்லிய தகடு, கை பழகாதவன் உருக்கி ஓட்டையாக்கிப் போடுவான்.

துணுக்காய் 77:

ஏன் இவ்வளவு கரைச்சல், பற்றரியும் கரண்ட் மோட்டரும் போட்டா சத்தமே இல்லையே?

இங்கிலாந்தில ஒரு முல்லைத்தீவான்:

துணுக்காய், 9 கிலோ பிளேனுக்கு அந்த அளவு மோட்டரும் பற்றரியும் எடுக்கிற காசு இந்த எஞ்சினை விடக் கூட வரும், சார்ஜ் பண்ண வயலுக்குள்ள கரண்டும் வேணும். மற்றது புறொப் (முன்னுக்குச் சுத்திற காத்தாடி) சத்தம் மோட்டர் போட்டாலும் போகாது, அதைக் கீழ சொல்லுறன்.

வட்டக்கச்சித் தம்பிக்கு: நான் இஞ்ச பெரிய மொடல்கள் பறக்க விடுறனான், என்ர கருத்து நேராச் சொன்னா கனிஸ்டர். சைலன்சரின்ர வேலை என்னெண்டா, எஞ்சின் ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்காத் துப்புற அழுத்தமான புகையை ஒரு பெரிய அறைக்குள்ள விரிய விட்டு, ஆறவிட்டு, பிறகு மெதுவா வெளிய விடுறது. அறை சின்னன் எண்டா அந்த அழுத்தம் அப்பிடியே குழாயால வெளிய பாயும். அதால சைலன்சரைத் தெரியேக்க பாக்க வேண்டியது பேரையோ மினுக்கத்தையோ இல்லை, உள்ளளவை. எஞ்சின் கொள்ளளவின்ர 10 மடங்கு ஆகக் குறைஞ்சது, 20 மடங்கு எண்டா நல்லம். உங்களுக்கு 55 சிசி, 10 மடங்கு எண்டா 550 மில்லிலீற்றர், 20 மடங்கு எண்டா 1.1 லீற்றர். 75 மில்லிமீற்றர் விட்டம், 25 சென்ரிமீற்றர் நீளம் உள்ள ஒரு உருளை கணக்குப் பாத்தா சரியா அந்த 1.1 லீற்றர் வரும். இந்த இடத்தை மூக்கு மூடிக்குள்ள எஞ்சினைச் சுத்திப் போற பிற்ஸில எடுக்க ஏலாது. பிற்ஸ் கூடாது எண்டு சொல்லேல்லை, வடிவா அடங்கும், பூட்டுறது சுகம், பாரம் முன்னுக்கு நிக்கும். ஆனா நீங்கள் கேட்டது அமைதி.

ரியூன் பண்ணின பைப் எண்டு இன்னொண்டும் இருக்கு, அதைப் போட்டுக் குழப்பாதேங்கோ. அது கூம்பு வடிவத்தில அழுத்த அலையைத் திருப்பி எஞ்சின் வாய்க்கு அனுப்பி பவர் கூட்டுறது, நீளம் ஆர்பிஎம்முக்கு (நிமிசத்துக்கு எத்தினை சுத்து எண்டதுக்கு) பொருந்த வேணும், உங்கட மாதிரி மெதுவாப் பறக்கிற பிளேனுக்கு அது தேவையில்லை. கனிஸ்டருக்கு அந்த நீளக் கணக்கு இல்லை, வளைவுக் குழாய் உங்கட பிளேன் வயித்துக்கு எப்பிடி வருதோ அப்பிடி விடலாம்.

பூட்டுற முறையிலதான் கனபேர் கெடுக்கிறது. எஞ்சின் ஆடும், பிளேன் உடம்பு ஆடாது. ரெண்டையும் ஒரே குழாயால இறுக்கிப் பிடிச்சா வளைவுக் குழாய் வெல்டிங் பிடிச்ச இடத்தில வெடிக்கும். அதால வளைவுக் குழாயையும் கனிஸ்டரையும் டெஃப்ளோன் குழாய் ஒண்டாலதான் தொடுக்கிறது, ரெண்டு பக்கமும் கிளிப். உள்ளுக்க ரெண்டு உலோக முனையும் கிட்டத்தட்ட முட்டுற மாதிரி, ஒண்டு ரெண்டு மில்லி இடைவெளிதான் விடோணும், கூட விட்டா சூட்டுப் புகை டெஃப்ளோனில நேர பட்டு உருக்கும், அது 260 பாகை வரைக்கும்தான் பழுதில்லாமத் தாங்கும். கனிஸ்டரின்ர பின் பக்கத்தை சிலிக்கோன் றப்பர் வளையத்தில தொங்க விடுங்கோ, மரத்தில திருகாணி போட்டு இறுக்க வேண்டாம். சுத்தி ஆகக் குறைஞ்சது ஒரு சென்ரிமீற்றர் காத்து இடைவெளி வேணும், பக்கத்து மரத்துக்கு அலுமினியத் தாள் ஒட்டி விடுங்கோ. முன்னுக்கு காத்துப் போற வாயைவிட பின்னுக்கு வெளிய வாற வாய் ரெண்டு மடங்கு பெரிசா இருக்கோணும், அப்பதான் சூடு உள்ளுக்க நிக்காது.

ஒரு வில்லங்கம் இருக்கு, அதையும் இப்பவே சொல்லிப்போடுறன். மேல் சிறகுப் பிளேனுக்கு மூக்குக் கட்டை. சைலன்சரை மூக்கில இருந்து கழட்டி வயித்துக்குக் கொண்டு போனா வால் பாரமாகும். மாங்குளத்தார் சொன்ன உலோகக் கதை இதில பெரிய விசயம். அந்த 1.1 லீற்றர் உருளையை ஒரு மில்லி ஸ்ரெயின்லெஸ் தகட்டில அடிச்சா வெறும் ஓடே அரைக் கிலோவைத் தாண்டும், அதே ஒரு மில்லி அலுமினியத்தில 180 கிராம் அளவுதான். அதால உடம்பு அலுமினியம், வளைவுக் குழாய் ஸ்ரெயின்லெஸ். இக்னிசன் பற்றரியை எஞ்சின் பெட்டிக்குள்ள முன்னுக்குத் தள்ளினா சமன் பிடிக்கலாம், வெறும் ஈயத்தைக் கட்டாதேங்கோ.

இனி புறொப். நல்ல சைலன்சர் பூட்டின பிறகு கேக்கிற சத்தத்தில கூடப் பங்கு புறொப்பின்ர நுனியில இருந்துதான் வரும். 20 அங்குலப் புறொப் 8500 ஆர்பிஎம்மில சுத்தினா நுனி செக்கனுக்கு 226 மீற்றர் போகும், 23 அங்குலம் 6500ல சுத்தினா 199 மீற்றர். ஒலி எங்கட ஊர்ச் சூட்டில செக்கனுக்கு 350 மீற்றர் அளவு. நுனி வேகம் அதில பத்தில ஆறு பங்குக்கு மேல போகப் போக அந்தக் கிழிக்கிற சத்தம் கெதியாக் கூடும். அதால பெரிய புறொப், குறைஞ்ச ஆர்பிஎம். 23க்கு 8 (விட்டம் 23 அங்குலம், ஒரு சுத்துக்கு முன்னேறுற கணக்கு 8 அங்குலம்) போடுங்கோ, நிலத்தில முட்டாம சில்லுக் கால் உயரம் காணுமோ எண்டு மட்டும் பாருங்கோ.

அளக்கிறதுக்கு ஒரு வழி. இங்கிலாந்தில 1982ல கொண்டு வந்த மொடல் பிளேன் சத்த விதிக்கோவையில 7 மீற்றர் தூரத்தில 82 டெசிபல் எண்டு எல்லை வைச்சிருக்கு. தூரம் ரெட்டிக்க ரெட்டிக்க 6 டெசிபல் குறையும், அப்ப 7 மீற்றரில 82 எண்டா 450 மீற்றர் அளவில கணக்குப்படி 46 வரும். அது வீட்டுக்குள்ள ஃபான் ஓடுறதோட கலந்து போற சத்தம். போன் அப் ஒண்டை நம்பி இலக்கம் சொல்ல ஏலாது, ஆனா பழைய சைலன்சரையும் புதுசையும் அதே போனால, அதே இடத்தில வைச்சு அளந்தா வித்தியாசம் சரியாத் தெரியும்.

முள்ளியவளை ரீச்சர்:

எனக்கு எஞ்சின் விளங்காது, ஆனா தம்பி எழுதினதை வாசிச்சுப்போட்டு சும்மா போக முடியேல்லை. இதை முதல்ல யோசிச்சதுக்கு நன்றி.

நான் ரெண்டு விசயம் சொல்லலாம் எண்டு நினைக்கிறன். ஒண்டு, எங்கட ஆக்களைப் பதற வைக்கிறது சத்தத்தின்ர அளவு மட்டும் இல்லை. லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் அதைவிடப் பெரிய சத்தம் போடும், ஆரும் திரும்பியும் பாக்கிறதில்லை. மேல இருந்து வாறதும், திடீரெண்டு குத்திக்கொண்டு இறங்கிற மாதிரி இரைச்சல் கூடுறதும்தான் நெஞ்சைப் பிடிக்கும். 2009ல சின்னப் பிள்ளையளா இருந்த ஆக்கள் இப்ப தாய் தகப்பன், அவையளுக்கும் அது போகேல்லை. அதால பிளேனை மேல ஏத்திக் குத்த விடுற விளையாட்டு வேண்டாம் தம்பி, ஒரே மாதிரிச் சத்தத்தில வட்டமாப் பறக்க விடுங்கோ. ஆனா ஒரே இடத்துக்கு மேலயே கனநேரம் நிண்டு சுத்திக்கொண்டிருக்கவும் வேண்டாம், வண்டு அப்பிடித்தான் நிண்டது.

மற்றது, சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ. கிராம சேவகருக்குச் சொன்னது காணாது. கோயிலில, முன்பள்ளியில, சங்கக் கடையில சொல்லுங்கோ, இந்தக் கிழமை இத்தனை மணிக்கு எண்டு. முடிஞ்சா முதல் நாள் பிளேனை நிலத்தில வைச்சு ஊர்ச் சனத்துக்குக் காட்டுங்கோ, அந்த அம்மம்மாவை முன்னுக்குக் கதிரை போட்டு இருத்துங்கோ. பிள்ளையள் தொட்டுப் பாக்கட்டும். எது சத்தம் போடுது எண்டு கண்ணால கண்டா அது வேற.

இங்கிலாந்தில ஒரு முல்லைத்தீவான்:

ரீச்சர் சொன்னது எல்லாம் சரி, அதில ஒரு கணக்கும் இருக்கு. ஒரு சிலிண்டர் ரூ ஸ்ரோக் எஞ்சின் 6500ல ஓடேக்க செக்கனுக்கு 108 தரம் துப்பும், அது அடித்தொனி, தூரத்துக்குப் போற சாதி. பிளேன் குத்தி இறங்கேக்க புறொப்பில பாரம் குறைஞ்சு ஆர்பிஎம் ஏறும், தொனி உயரும், நுனி வேகமும் கூடும். அதால இறங்கேக்க திறொட்டிலை முழுசாக் குறைச்சுப் போட்டுத்தான் இறக்கோணும். ரிமோட்டில திறொட்டில் ஆகக் கூடின இடத்தை 80 வீதத்துக்கு மட்டுப்படுத்தி வைச்சா மறந்தும் கூடாது, 55 சிசிக்கு 9 கிலோ எண்டா ஏறுறதுக்கு அது நல்லாக் காணும்.

காத்தையும் பாருங்கோ. சத்தம் காத்தடிக்கிற பக்கம் கூடப் போகும். கச்சான் காத்து தென்மேற்கில இருந்து வரேக்க ஊர் உங்களுக்குத் தென்மேற்கில இருக்கிற வெளியாத் தெரியுங்கோ, வாடை வரேக்க மறுபக்கம். பொழுதுபட வேண்டாம், நிலம் குளிர்ந்து மேல காத்துச் சூடா நிக்கிற நேரம் சத்தம் மேல போகாம வளைஞ்சு நிலத்தோட தூரம் ஓடும். அதே காரணத்தால விடியக் காலமையும் சரியில்லை. ஒன்பது பத்து மணிக்குப் பிறகு நல்லம்.

மாங்குளம் வெல்டிங்:

கச்சான் காத்து நேரம் பறக்க விடுறதெண்டா காபரேற்றர் வாய்க்கு ஒரு மெல்லிய வலைத்துணி போடு தம்பி, புழுதி உள்ளுக்குப் போனா பிஸ்டன் வளையத்தைத் தின்னும். காபரேற்றர் உறிஞ்சிற சத்தமும் இருக்கு, அதை ஆரும் கணக்கெடுக்கிறேல்லை. அந்த வாயை மூடிக்குள்ள திரும்பி இருக்கிற மாதிரி வைச்சாலே கொஞ்சம் அடங்கும்.

வட்டக்கச்சிப் பெடியன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ரீச்சர், நீங்கள் சொன்னதை அப்பிடியே செய்யப் போறன். கோயிலடியில முதல்ல காட்டுறம், அம்மம்மாவிட்ட நான் நேர போய்க் கதைக்கிறன்.

முகத்தைக் கண்ணாடியில தேய்ச்சன், நடுவில பள்ளம் இருந்தது, இப்ப சமன். கம்பியும் கட்டியாச்சு, போல்ட் அசையேல்லை. கனிஸ்டர்தான் எண்டு முடிவெடுத்திட்டன். வவுனியாவில அலுமினியம் பிடிக்கிற ஒராளைக் கண்டு கதைச்சன், 75க்கு 250 உருளை, உள்ளுக்க ஓட்டை போட்ட குழாய், செய்து தாறன் எண்டு சொன்னவர். ரெண்டு சந்தேகம். வெளிய போற குழாய் என்ன அளவு வைக்கிறது, சின்னனா வைச்சா இன்னும் சத்தம் குறையும்தானே? மற்றது சைலன்சர் மாத்தினா காபரேற்றர் ஊசியைத் தொட வேணுமோ?

இங்கிலாந்தில ஒரு முல்லைத்தீவான்:

சின்னனா வைச்சா சத்தம் குறையும்தான், ஆனா புகை வெளிய போகாம எஞ்சினுக்குள்ள நிண்டு சூடேறும், பிஸ்டன் இறுகினா அந்தரத்தில எஞ்சின் நிக்கும். அதால இப்பிடிச் செய்யுங்கோ. இப்ப இருக்கிற பெட்டிச் சைலன்சரோட, 23க்கு 8 புறொப்போட, முழுத் திறொட்டிலில ஆர்பிஎம் அளந்து எழுதி வையுங்கோ. பழைய சைலன்சரின்ர வெளி வாயை அளந்து புதுசுக்கு அதே பரப்பு வர வையுங்கோ. பூட்டிப்போட்டுத் திருப்பி அளவுங்கோ. 200, 300 குறைஞ்சா பேசாம விடுங்கோ, அது அமைதிக்குக் குடுக்கிற விலை. 500க்கு மேல விழுந்தா வாய் காணாது, பெருப்பிக்கோணும். சின்னனைப் பெரிசாக்கலாம், பெரிசைச் சின்னனாக்க திருப்பி வெல்டிங்.

ஊசி கட்டாயம் பாக்கோணும். பின்னழுத்தம் மாறினா கலவை மாறும். முதல் ஓட்டத்துக்கு ரெண்டு ஊசியையும் எட்டில ஒரு சுத்து திறந்து, பெற்றோல் கூடின பக்கமா வைச்சுத் தொடங்குங்கோ. நல்லாச் சூடான பிறகு முதல்ல கீழ் ஊசியை (மெதுவான ஓட்டத்துக்கானது) ஐடிலுக்கும் ஏறுறதுக்கும் பிடிச்சு, அதுக்குப் பிறகு மேல் ஊசியை (முழு ஓட்டத்துக்கானது) ஆர்பிஎம் உச்சம் வரும் மட்டும் மூடி, உச்சத்தில இருந்து 100, 200 விழும் மட்டும் திருப்பித் திறந்து விடுங்கோ. நிலத்தில உச்சத்தில விட்டா மேல போய்ப் பாரம் குறையேக்க பெற்றோல் காணாமச் சுடும். எண்ணெய் 30க்கு 1, நல்ல ரூ ஸ்ரோக் எண்ணெய், அதில மிச்சம் பிடிக்காதேங்கோ.

மாங்குளம் வெல்டிங்:

உருளையை மூட முதல் உள்ளுக்க இருக்கிற ஓட்டைக் குழாயின்ர பிசிறு முழுக்க அரத்தால எடுக்கச் சொல்லு, கடைசி வெல்டிங் பிடிச்ச பிறகு உள்ள கிடக்கிற தூளை மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கி ஊத்தோணும், அப்பிடியே பூட்டினா ரூ ஸ்ரோக்கில அது திருப்பி உறிஞ்சுப்படுறதும் உண்டு. பூட்ட முதல் ஒரு வாயை அடைச்சு, சவுக்காரத் தண்ணி பூசி, மற்ற வாயால காத்தடிச்சுக் குமிழி வருதோ எண்டு பார். வளைவுக் குழாயின்ர முகத்தையும் அதே கண்ணாடியில தேய்க்க மறக்காத, வெல்டிங் சூட்டில அது கட்டாயம் வளைஞ்சிருக்கும்.